நானே வந்து கேட்டாலும் எனக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்கலாமா?

சியாட்டில் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் 37 வயது வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவருடைய அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு இருப்பது நான்கு வருடங்களுக்கு முன் தெரியவந்தது. லித்தியம் எடுத்துக்கொள்கிறார், பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார். போன நவம்பரில், டீமில் பாதிப்பேருக்கு வேலை போன வாரத்தில், மாத்திரையைச் சரியாக எடுக்காமல் விட்டிருந்த ஒரு நாளில், வேலைக்குப் போகிற வழியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதுகிறார். மகளின் பள்ளியிலிருந்து காய்ச்சல் என்று போன் வர, வெளியே வந்துவிட்டார். அடுத்த நாளே மனநல மருத்துவரிடம் சொல்லி, அவர் சொன்னபடி தானாகவே மருத்துவமனையில் ஐந்து நாள் தங்கினார். மனைவியிடம் அலுவலகப் பயணம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது மருத்துவர் ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் தனக்கு யாரும் துப்பாக்கி விற்க முடியாதாம். கொடுக்க மனம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இது அங்கே வந்து நிற்குமா? கம்பெனிக்குத் தெரியுமா? போலீஸ் வீட்டுக்கு வருமா? திரும்பப் பெறக் கேட்டு ஏழு நாள் காத்திருந்தால் போதும் என்றால் இதனால் என்ன பயன்? ஏற்கெனவே மருத்துவமனையில் இருந்ததால் எனக்குத் தடை வந்திருக்குமோ? படிவத்தில் யாராவது ஒருவர் பெயரை எழுத ஒரு இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடலாமா, மனைவிக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கிறேன். கடைசியில், ஏதோ மறந்துபோனது மாதிரி ஒரு வரி: மச்சினன் எங்களோடுதான் தங்கியிருக்கிறான், அவனிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, கீழ் அறையில் மேசை டிராயரில் வைத்திருப்பான்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், கடையிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த நாளே மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னீர்களே, அதைச் செய்ய எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் போன் காப்பாற்றியது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். போன் உங்களை வெளியே கொண்டுவந்தது, சரி. மருத்துவரிடம் நடந்து போனது நீங்கள். அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞர், மருத்துவர் இல்லை. அதனால் சட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஆனால் இதைப் படிக்கும் நேரத்தில் அந்த நவம்பர் நாள் போல மனம் கனத்திருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு 988 என்ற அமெரிக்க மனநெருக்கடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். தமிழில்தான் பேச வரும் என்றால் போனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

டிராயர் முதலில்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிந்தது நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரிதான். மருத்துவர் சொன்ன படிவம் கடையில் நடக்கும் விற்பனையைத் தடுக்கும். உங்கள் வீட்டுக் கீழ் அறையில் இருக்கும் டிராயரை அது தொடவே தொடாது. படிவத்தைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக வந்து அதே வீட்டில் படுத்தால், பூட்டியது தெருக்கதவை மட்டும்தான்.

அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டுப் போக வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாதா என்று மச்சினன் கேட்கலாம். ஒரே வீட்டில் இருப்பவருக்குச் சாவி இருக்கும் இடமும் நம்பரும் என்றைக்காவது தெரியவரும், அதனால் பூட்டுவதை நான் இரண்டாம் பட்சமாகத்தான் சொல்வேன். சியாட்டில் இருக்கும் உங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் தனியாருக்குள் துப்பாக்கி கைமாறுவதென்றால்கூட, 2014இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி வழியாக, வாங்குபவர் பற்றிய பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். ஆனால் தற்கொலையைத் தடுப்பதற்காகத் துப்பாக்கியைத் தற்காலிகமாக இன்னொருவர் கையில் கொடுத்து வைப்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தேவையான காலம் வரை மட்டும் கொடுக்க வேண்டும், வாங்கி வைப்பவர் அதைப் பயன்படுத்தக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆகவே மச்சினன் அதைத் தன் நண்பர் வீட்டில் வைக்கலாம். சில துப்பாக்கிக் கடைகளும் சில ஊர்ப் போலீஸ் நிலையங்களும் பாதுகாப்பாக வைத்துத் தருவார்கள், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். போலீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போவதென்றால் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், திடீரென்று கையில் துப்பாக்கியோடு யாரும் உள்ளே நடக்கக்கூடாது. இந்த வேலை எதையும் நீங்கள் செய்யாதீர்கள், மச்சினனே செய்யட்டும்.

வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது என்பது ஒன்றே அவனிடம் கேட்கப் போதுமான காரணம். 2018 வாக்கெடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, பாதுகாப்பில்லாமல் வைத்த துப்பாக்கி, அதை வைத்திருக்கக்கூடாதவர் கையில் போய் விபரீதம் நடந்தால் வைத்தவர் மேலேயே வழக்கு வரலாம். அதையும் அவன் தெரிந்துகொள்வது நல்லது. கிரீன் கார்டு வந்த புதிதிலிருந்து நண்பர்களோடு சுடும் பயிற்சி இடத்துக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது யாரோ துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் உங்களைப் போன்றவர்கள்மேல் கொண்டுவந்து போட்ட கட்டு என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது.

இந்த யோசனையை முன்வைத்தவர் ஃபிரெட்ரிக் வார்ஸ் என்ற அலபாமா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். அவருக்கும் பைபோலார்தான். அதை அவர் மறைப்பதில்லை, வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வருகிறார். தன்னைப் போன்றவர்கள் தெளிவாக இருக்கும் நாட்களில், தெளிவில்லாத நாட்களுக்காகத் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வழி வேண்டும் என்று 2015இல் எழுதினார். பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் சிகிச்சையில் இருக்கும் 200 மனநோயாளிகளிடம், இப்படி ஒரு பட்டியல் இருந்தால் உங்கள் பெயரைச் சேர்ப்பீர்களா என்று கேட்டபோது 46 சதவீதம் பேர் சேர்ப்போம் என்றார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர், அதுவும் துப்பாக்கி உரிமையை உயிர்போல் நினைக்கும் அலபாமாவில்.

நியூ ஆர்லியன்ஸில் டோனா நேத்தன் என்ற பெண்மணி இருந்தார். அவருக்கும் இதே நோய். நோயோடு போராடியவர், முடியாதபோது தானே மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தவர், உங்களைப் போலவே. 2018 ஜூனில் அவர் இறந்தார். அன்றைக்கு வாங்கிய துப்பாக்கி. இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் அம்மா நிச்சயம் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அவர் மகள் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசிவருகிறார். அதனால்தான் இந்த வகைச் சட்டங்களை டோனாஸ் லா என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

முதலில் சட்டம் போட்டது உங்கள் வாஷிங்டன் மாநிலம்தான். 2018இல் நிறைவேறி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2020இல் வர்ஜீனியா நிறைவேற்றியது. 2021இல் யூட்டா, அங்கே சட்டமன்றம் முழுக்கக் குடியரசுக் கட்சியின் கையில். ஒருவர் தன் உரிமையைத் தானாக நிறுத்தி வைத்துக்கொள்வதை அந்தப் பக்கத்து ஆட்களாலும் ஏற்க முடிந்திருக்கிறது, யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லையே. நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதா கொண்டுவந்தார்கள், அது இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே நீங்கள் கொடுப்பது மாநிலச் சட்டத்தின்படியான படிவம். நாளைக்கு வேலை மாறி டெக்ஸாஸ் பக்கம் போனால் இதே பாதுகாப்பு அங்கே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது மறுபடி யோசிக்க வேண்டும்.

உங்கள் தாத்தா சத்தியமங்கலம் பக்கம் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காலத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியை எடுத்துப்போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேர்தல் முடிந்தபிறகு போய் வாங்கிவந்திருப்பார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. தாத்தாவை யாரும் குற்றவாளி என்று நினைக்கவில்லை, அவரும் அவமானமாக நினைத்திருக்க மாட்டார். ஊர் சூடாக இருக்கும் நேரத்தில் துப்பாக்கி வேறிடத்தில் இருக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அங்கே தேதியை அரசாங்கம் குறிக்கும். இங்கே உங்களுக்கு எப்போது சூடு ஏறும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதனால் நீங்களே குறித்துக்கொள்கிறீர்கள்.

படிவம் கொடுத்தால் என்ன நடக்கும்

மாநிலத்தில் எந்தக் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்ற கிளார்க் அலுவலகத்திலும் கொடுக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தால், சியாட்டிலை விட்டு எவரெட்டிலோ டகோமாவிலோ போய்க் கொடுங்கள். ஆனால் பின்னால் திரும்பப் பெற வேண்டுமென்றால் கொடுத்த கவுன்ட்டிக்கேதான் போக வேண்டும். புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கேட்பார்கள். நோயின் பெயர் எழுத வேண்டாம், மருத்துவர் சான்றிதழ் வேண்டாம், நீதிபதி முன் நிற்க வேண்டாம். நோயே இல்லாதவரும் கொடுக்கலாம்.

அன்றைய அலுவல் நேரம் முடிவதற்குள் கிளார்க் அதை மாநிலப் போலீஸான ஸ்டேட் பேட்ரோலுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் 24 மணி நேரத்தில் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் கடையில் போய் நின்றால் சோதனையில் விற்க முடியாது என்று வரும். அவ்வளவுதான். வீட்டுக்குப் போலீஸ் வருவதில்லை. சோதனை போடுவதில்லை. நீங்கள் எழுதியிருப்பதுபோல ஏதோ ஒரு ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறுவதும் இல்லை.

நீங்கள் தவறாக நினைத்திருக்கும் சில விஷயங்கள்

மருத்துவமனையில் தங்கியதால் ஏற்கெனவே தடை வந்திருக்கும் என்பது. இல்லை. கூட்டாட்சிச் சட்டம் தடுப்பது, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அதிகாரபூர்வமாக மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தால், அல்லது நீதிமன்றம் போன்ற அமைப்பு அவர் மனநிலை பற்றித் தீர்மானித்திருந்தால். நீங்களாகப் போய்ச் சேர்ந்து நீங்களாக வெளியே வந்தது அதில் வராது. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள் என்பதற்காகவும் சொல்கிறேன். சட்டத்தின் கண்ணில் இன்றைக்கு உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. நவம்பரில் இருந்த அதே நிலைதான் இப்போதும்.

கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்பது. படிவத்தின் விவரங்களைச் சட்டம் அமலாக்கும் அமைப்புகளைத் தவிர வேறு யாருக்கும் தரக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பொதுத் தகவல் கேட்பு என்று யாராவது விண்ணப்பம் போட்டாலும் கிடைக்காது. வேலைக்கு எடுக்கும்போது கம்பெனிகள் செய்யும் பின்னணிச் சோதனை வேறு, துப்பாக்கிக் கடையின் பின்னணிச் சோதனை வேறு. பெயர்தான் ஒன்று, பார்க்கும் பட்டியல் ஒன்றல்ல. இன்னொன்றும் இருக்கிறது. வேலை, சலுகை, சேவை எதற்கும் நிபந்தனையாக இந்தப் படிவத்தைக் கொடு என்று யாரும் உங்களைக் கேட்கவும் முடியாது.

குடியுரிமை. இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள், புரிகிறது, பதினொரு வருடக் காத்திருப்பு. விண்ணப்பத்தில் கைது, குற்றம், வரி, வெளிநாட்டில் இருந்த நாட்கள் என்று துருவிக் கேட்பார்கள். இந்தப் படிவம் கைதும் இல்லை, தண்டனையும் இல்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை. இதைக் கொடுத்ததையோ திரும்பப் பெற்றதையோ எந்த வழக்கிலும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் மாநிலச் சட்டம் சொல்கிறது. மணமுறிவு வழக்கு வந்து குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தால்கூட, மாநில நீதிமன்றத்தில் இதை எடுத்து நீட்ட முடியாது. அப்புறம் உறுதிமொழி. அவசியம் வந்தால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று சொல்ல வேண்டுமே, நானே ஆயுதம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தபின் அதைச் சொன்னால் பொய்யாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், நானும் யோசித்துத்தான் சொல்கிறேன், ஆகாது. உறுதிமொழி கேட்பது சட்டம் கோரும்போது நாட்டுக்காக நிற்க மனம் இருக்கிறதா என்று. படிவம் சொல்வது எனக்குக் கடையில் விற்காதீர்கள் என்று. கேள்வி வேறு, பதில் வேறு. ஆனாலும் குடியுரிமை வழக்கறிஞரிடம் இதை மறைக்காமல் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவரிடம் சொல்வது வெளியே போகாது.

மனைவிக்குத் தெரிந்தால் கேஸ் போடுவாள் என்பது. இந்த வரியை நீங்கள் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எங்கோ கேள்விப்பட்டது தீவிர ஆபத்துப் பாதுகாப்பு உத்தரவு, 2016 வாக்கெடுப்பில் வந்தது. குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஆபத்து இருக்கிறது என்று நீதிபதி ஏற்றால், வழக்கமாக ஒரு வருடத்துக்கு நீங்கள் துப்பாக்கி வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அதுவும் குற்ற வழக்கு இல்லை, உயிரைக் காப்பதற்காக வந்ததுதான். ஆனால் அங்கே உங்களைப் பற்றி வேறொருவர் பேச, இன்னொருவர் தீர்மானிப்பார். இந்தப் படிவத்தில் பேனா உங்கள் கையில் இருக்கிறது. நீங்களே எழுதிவிட்டால் அந்த நிலைமை வருவதற்கான வாய்ப்பும் குறையும்.

ஏழு நாள் கேள்வி

நீங்கள் கேட்டதிலேயே கூர்மையான கேள்வி இதுதான், அதனால் நின்று பதில் சொல்கிறேன்.

ஏழு நாள் என்பதை நீங்கள் கொஞ்சம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். திரும்பப் பெறக் கேட்டால் ஏழு நாள் காத்திருக்கச் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் சொல்வது, படிவம் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாள் கழியாமல் திரும்பப் பெற முடியாது என்று. அதாவது இந்த வாரம் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு மோசமான காலையில் கிளார்க் அலுவலகம் போனால், அன்றைக்கே திரும்பப் பெறும் படிவத்தைக் கொடுத்துவிடலாம். அப்போது முன்கூட்டிக் காத்திருப்பு எதுவும் இல்லை. வர்ஜீனியாவில் நீக்கச் சொல்லிக் கேட்டபிறகு 21 நாள் கழித்துத்தான் பெயரை எடுப்பார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் சட்டம் நம்முடையதைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் அதனால் வாஷிங்டனில் பயனே இல்லை என்றும் ஆகாது. திரும்பப் பெற்றபின் பட்டியலிலிருந்து எடுக்க ஸ்டேட் பேட்ரோலுக்கு ஏழு நாள் வரை அவகாசம் உண்டு. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து இந்த மாநிலத்தில் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் கையில் கிடைக்கப் பத்து வேலை நாட்கள் ஆகும், பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததற்கான சான்றும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு மேல், சில நேரம் மூன்று வாரம் ஓடிவிடும். உங்கள் நவம்பர் நாள் எவ்வளவு நேரம் நீடித்தது என்று யோசித்துப் பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, சாயங்காலம் ஆனபோது அந்த எண்ணம் வேறு யாருடையதோ போல இருந்தது என்று.

மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். 2022இல் மட்டும் அமெரிக்காவில் 49,000க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் துப்பாக்கியால். அதே நேரத்தில், ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரம் கடந்தால் ஆள் மிஞ்சுகிறார், மிஞ்சினால் பெரும்பாலும் வாழ்ந்துவிடுகிறார். உங்களுக்குத் தேவையானது நேரம். அந்த நேரத்தைத்தான் இந்தப் படிவம் வாங்கித் தருகிறது.

காலியாக விட நினைக்கும் அந்த இடம்

அந்த நேரத்தில் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையா?

படிவத்தில் ஒருவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் எழுத இடம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. நீங்கள் படிவத்தைத் திரும்பப் பெற்றால், அன்றைய அலுவல் நேரம் முடிவதற்குள் கிளார்க் அந்த நபருக்கும் திரும்பப் பெறும் படிவத்தை அனுப்பியாக வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் மொத்தப் படிவத்திலும் கனமான வரி அதுதான். வாஷிங்டன் சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று மேலே சொன்னேனோ, அதே இடத்தில் இந்த வரி வந்து நிற்கிறது. உங்கள் மனம் ஒரு நாள் கிளார்க் அலுவலகம் வரை நடந்தே போய்விட்டாலும், அன்று சாயங்காலத்துக்குள் உங்களை நேசிக்கும் ஒருவருக்கு அது தெரியும், அவர் கையில் இரண்டு வாரம் இருக்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டால், அந்த இரண்டு வாரமும் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்.

மனைவியின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அக்கா இருக்கிறார், நியூ ஜெர்சியில். நோய் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை எழுதலாம். கல்லூரி நண்பரை எழுதலாம். தபாலோ போனோ பார்க்கிறவராக, பார்த்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களைக் கூப்பிடுகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அப்படி ஒரு தகவல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்குப் போன் செய்வது, மருத்துவர் எண் எது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது.

ஆனாலும், தம்பி என்றே கூப்பிட்டுச் சொல்கிறேன், மனைவியிடம் சொல்லாமலே இதை எத்தனை நாள் கொண்டுபோவீர்கள்? டிராயரைக் காலி செய்யச் சொல்ல மச்சினனிடம் போக வேண்டும், அவன் தன் அக்காவிடம், அதாவது உங்கள் மனைவியிடம், கேட்காமல் இருப்பானா. ஐந்து நாள் பயணம் போனவர் கையில் மருத்துவமனைப் பட்டையின் தடத்தோடு வந்ததை அவர் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள். அவர் கேட்காமல் இருப்பது தெரியாததால்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையென்றால், மருத்துவரோடு இருக்கும் அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் தொடங்கி வைப்பார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இப்படி எத்தனையோ குடும்பங்களை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஈரோட்டில் இருக்கும் பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் எண்ணம். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அவர்களால் பயப்பட மட்டும்தான் முடியும். நீங்களும் மனைவியும் கொஞ்சம் நிலைகொண்டபின் முடிவு செய்யுங்கள்.

கொடுப்பதா வேண்டாமா

கொடுங்கள். உங்கள் கடிதத்தில் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்கூட இல்லை, வேட்டைக்குப் போவதில்லை, வீட்டுக்குத் திருட்டுப் பயம் இல்லை. இழப்பதாக நீங்கள் எழுதியது எல்லாம் மற்றவர் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும்தான், அதற்குச் சட்டம் உங்களுக்கு மறைவு கொடுத்திருக்கிறது. எப்போதாவது உண்மையாகவே வேண்டும் என்று தோன்றினால் திரும்பப் பெறலாம், அப்போது பதிவுகளையும் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்தபிறகும் அதை மருத்துவத்துக்குப் பதிலாக நினைத்துக்கொள்ளாதீர்கள். லித்தியத்தை விட்ட நாட்களில்தான் அந்தக் கடைப்பக்கம் கால் போனது. மாத்திரை, இரத்தப் பரிசோதனை, தூக்கம், இவை உங்கள் தினசரி காவல், படிவம் எப்போதாவது தேவைப்படும் காவல்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். இந்த வார இறுதிக்குள் டிராயர் காலியாக வேண்டும், மச்சினனிடம் பேச மனைவி கூட இருந்தால் இன்னும் சுலபம். திங்கட்கிழமை அக்காவுக்குப் போன் செய்து, அந்த வரியில் அவர் பெயரை எழுதலாமா என்று கேளுங்கள். அப்புறம் ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு கிளார்க் அலுவலகம் போங்கள். தனியாகப் போகவேண்டாம் என்று தோன்றினால் மனைவியைக் கூட்டிப் போங்கள். வாங்கிவரும் நகலை மருத்துவரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள். முடித்ததும் எனக்கும் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன், மகளின் காய்ச்சல் அன்றைக்கே சரியானதா என்பதையும் சேர்த்து.